கடலை ஆண்டால் உலகை ஆளலாமா? வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு உலக வரலாறு எடுக்கிறேன். நெப்போலியன் காலமோ முதல் உலகப் போரோ வந்துவிட்டால் போதும், கடற்படை பற்றி அதே சந்தேகங்கள் வரிசை கட்டி வரும். ஒவ்வொரு ஆண்டும் வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். பதில்களில் பிரிட்டன்தான் அதிகம் வரும். கடலை நம்பிப் பெரிய தரைப்படை நாடுகளோடு மோதிய நாடு அது. அதில் கிடைத்த வரவு, பட்ட செலவு இரண்டுமே நமக்குத் தெரியும்.

1. கடல்சார் உத்தின்னா பெரிய கடற்படை வெச்சுக்கிறதுதானே சார்?

கடற்படை கருவி மட்டும்தான். கடலில் யாரும் குடியிருப்பதில்லை; பிடித்து வைத்துக்கொள்ள அங்கே ஊரும் இல்லை, வயலும் இல்லை. கடல் ஒரு சாலை. அதில் நம் வண்டி போக வேண்டும், எதிரியின் வண்டி போகக் கூடாது. கடல் ஆதிக்கம் என்று புத்தகங்கள் சொல்வது இவ்வளவுதான். அந்தச் சாலை கையில் இருக்கும்போது எதிரியை எங்கே நெருக்குவது, யாருக்குச் சரக்கும் பணமும் படையும் அனுப்புவது என்று யோசிப்பதுதான் உத்தி.

நிறையப் போர்க்கப்பல் வைத்துக்கொண்டு உத்தி இல்லாமல் தவித்த நாடும் உண்டு. 8-ஆம் கேள்வியில் வருகிறது.

2. மஹான் ஒண்ணு சொல்றார், கார்பெட் வேற சொல்றார். தேர்வுல யாரை எழுதணும்?

இருவரையும் எழுதுங்கள். ஆல்ஃபிரட் தாயர் மஹான் அமெரிக்கக் கடற்படை அதிகாரி. பிரிட்டன் பெரிய நாடானதற்குக் கடல் வலிமையே முக்கியக் காரணம் என்று 1890-இல் எழுதினார். எதிரியின் கப்பற்படையை ஒரே பெரும்போரில் நொறுக்கிவிட்டால் மற்றது தானாக வரும் என்று அவரைப் படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள். ஜெர்மன் பேரரசரான கைசரும் ஜப்பானிய அட்மிரல்களும் அவரைப் பெயருக்கு ஏற்றாற்போல மஹானாகவே வைத்துக் கும்பிட்டார்கள்.

ஜூலியன் கார்பெட் பிரிட்டிஷ்காரர், சட்டம் படித்தவர், 1911-இல் எழுதினார். மனிதர்கள் வாழ்வது தரையில், ஆகவே போரின் முடிவும் பெரும்பாலும் தரையில்தான் என்பது அவர் கட்சி. அந்த முடிவுக்குக் கடற்படை எவ்வளவு கைகொடுக்கிறதோ அவ்வளவுதான் அதன் மதிப்பு. என் சாய்வு கார்பெட் பக்கம். ஏன் என்பது அடுத்த பதிலில்.

3. டிரஃபால்கர்ல நெப்போலியன் தோத்துட்டான்னா அப்புறம் எதுக்கு இன்னும் பத்து வருஷம் சண்டை?

அதிகம் வரும் கேள்வி, நல்ல கேள்வியும் கூட. பதில் தேதிகளிலேயே இருக்கிறது. 1805 அக்டோபர் 20: தெற்கு ஜெர்மனியில் உல்ம் நகரில் ஆஸ்திரியாவின் ஒரு முழுப் படை நெப்போலியனிடம் சரணடைகிறது. மறுநாள், அக்டோபர் 21: ஸ்பெயின் கரையோரம் டிரஃபால்கரில் பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனின் 27 போர்க்கப்பல்கள் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்கள் 33-ஐ எதிர்கொண்டு நொறுக்குகின்றன. பிரிட்டன் ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை, நெல்சனை இழந்தது. அடுத்த மாதமே நெப்போலியன் வியன்னாவுக்குள் நுழைகிறார். டிசம்பர் 2-இல் ஆஸ்டர்லிட்ஸில் ஆஸ்திரியாவையும் ரஷ்யாவையும் சேர்த்துத் தோற்கடிக்கிறார்.

வரலாற்றிலேயே பெரிய கடல் வெற்றிகளில் ஒன்று நடந்து ஆறே வாரத்தில் ஐரோப்பாக் கண்டத்தில் எதிரியின் கை ஓங்கிவிட்டது. கப்பல் வியன்னாவுக்குப் போகாது. இன்னொன்றும் கவனியுங்கள்: இங்கிலாந்தின் மீது படையெடுக்க ஆங்கிலக் கால்வாய்க் கரையில் குவித்திருந்த சேனையை நெப்போலியன் ஆகஸ்ட் கடைசியிலேயே கலைத்துக் கிழக்கே அனுப்பிவிட்டார். ஆகவே "டிரஃபால்கர்தான் இங்கிலாந்தைப் படையெடுப்பிலிருந்து காப்பாற்றியது" என்று விடைத்தாளில் எழுதினால் பாதிதான் சரி. அந்த ஆண்டு காப்பாற்றியது, அதற்கு முன்பே பிரெஞ்சுத் துறைமுக வாசல்களில் காவல் நின்ற கப்பல்கள். டிரஃபால்கர் அந்த ஆபத்து திரும்ப வராமல் பார்த்துக்கொண்டது.

4. அப்போ அந்தப் பத்து வருஷம் பிரிட்டிஷ் கடற்படை சும்மா இருந்துச்சா?

சும்மா இல்லை, கண்ணுக்குத் தெரியாத வேலை. பிரெஸ்ட், டூலான் போன்ற துறைமுகங்களின் வெளியே மழையிலும் புயலிலும் நின்று பிரெஞ்சுக் கப்பல்களை உள்ளேயே அடைத்து வைத்தார்கள். அதனால் பிரிட்டனின் வணிகக் கப்பல்கள் உலகம் முழுக்க ஓடின. வியாபாரம் ஓடியதால் சுங்க வரி வந்தது, கடன் கிடைத்தது. 1799-இலேயே வருமான வரி என்ற புது ஏற்பாடும் வந்துவிட்டது. அந்தப் பணம் ஆஸ்திரியாவுக்கும் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசுக்கும் ரஷ்யாவுக்கும் மானியமாகப் போனது. ஒரு கூட்டணி உடைந்தால் அடுத்த கூட்டணிக்குப் பணம் தயார்.

போர்ச்சுகலைப் பாருங்கள். 1810-இல் மசேனா என்ற பிரெஞ்சுத் தளபதி, பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனைத் துரத்திக்கொண்டு லிஸ்பன் வரை வந்துவிட்டார். நகருக்கு முன்னால் டோரஸ் வெட்ராஸ் என்ற அரண் வரிசை. உள்ளே இருந்தவர்களுக்குக் கடல் வழியே சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. வெளியே இருந்த பிரெஞ்சுக்காரர்களுக்குக் காலி செய்யப்பட்ட கிராமங்கள்தான் மிச்சம். சில மாதம் பட்டினி கிடந்துவிட்டுத் திரும்பினார்கள். கடல் வலிமை எப்படி வேலை செய்கிறது என்று ஒரே காட்சியில் காட்டச் சொன்னால் நான் டிரஃபால்கரை விட்டுவிட்டு இதைத்தான் காட்டுவேன்.

கடலில் எதுவும் செய்ய முடியாத நெப்போலியன் 1806-இல் ஐரோப்பாவின் துறைமுகங்கள் அனைத்தையும் பிரிட்டிஷ் சரக்குக்கு மூடச் சொன்னார். அந்தத் தடையைக் காப்பாற்றப் போர்ச்சுகலுக்குள் நுழைந்தார், ஸ்பெயினில் மாட்டினார். ரஷ்யா தடையிலிருந்து நழுவியது 1812 படையெடுப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. கரும்புச் சர்க்கரை வராமல் பிரான்ஸில் பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்க ஊக்கம் கொடுத்ததும் இந்தத் தடைக் காலத்தில்தான். தரையில் அவரைத் தோற்கடித்தவை ரஷ்ய, பிரஷ்ய, ஆஸ்திரியப் படைகளும் ஸ்பெயினில் வெலிங்டனும். அவர் தப்பு செய்யும் வரை காத்திருக்கக் காலம் வாங்கிக் கொடுத்தது கடற்படை.

5. முற்றுகைக்குச் செலவே இல்லை, பாதுகாப்பான வழின்னு எடுத்துக்கலாமா?

கூடாது. முற்றுகை என்றால் நடுநிலை நாட்டுக் கப்பலையும் நிறுத்திச் சோதிக்க வேண்டும், சில நேரம் பறிமுதல் செய்ய வேண்டும். அவர்கள் சும்மா இருப்பார்களா? 1812-இல் அமெரிக்கா பிரிட்டன் மீது போர் தொடுத்ததற்கு இதுவும், அமெரிக்கக் கப்பல்களிலிருந்து மாலுமிகளைப் பிடித்துப் போனதும் பெரிய காரணங்கள். எதிரியின் கழுத்தில் கயிறு போடப் போய் பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை. 1917-இல் ஜெர்மனி இதே குழியில் இன்னும் ஆழமாக விழுந்தது; 8-ஆம் பதிலில் வருகிறது.

6. முதல் உலகப் போர்ல ஜெர்மனியைப் பட்டினி போட்டே ஜெயிச்சாங்கன்னு படிச்சேன். உண்மையா?

பாதி உண்மை. போருக்கு முன் ஜெர்மனி தன் உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இறக்குமதி செய்தது. ஜெர்மனியை ஒட்டிய வட கடலிலிருந்து பெருங்கடலுக்கு வாசல் இரண்டே: டோவர் நீரிணை, அப்புறம் ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே. கண்ணிவெடிக்கும் நீர்மூழ்கிக்கும் பயந்து, பழைய பாணியில் துறைமுக வாசலில் நிற்காமல், பிரிட்டன் இந்த இரண்டு வாசலையும் தூரத்திலிருந்தே அடைத்தது. சிலியிலிருந்து வந்த நைட்ரேட் நின்றது. தொழிற்சாலையில் செய்த நைட்ரஜன் வெடிமருந்துக்குப் போக, வயலுக்கு உரம் இல்லை. உழுகிற ஆளும் குதிரையும் போர்முனையில். 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்கும் பொய்த்து, மாட்டுக்குப் போடும் டர்னிப் கிழங்கை மக்கள் தின்றார்கள்.

ஆனால் கணக்கு அத்தோடு முடியவில்லை. நடுநிலை நாடுகளான நெதர்லாந்து, ஸ்காண்டிநேவியா வழியாகச் சரக்கு கசிந்துகொண்டிருந்தது. 1916 கடைசியில் ருமேனியாவின் தானியமும் எண்ணெயும் ஜெர்மனியின் கைக்கு வந்தன. 1918 தொடக்கத்தில் ரஷ்யா போரிலிருந்து விலகி உக்ரைனும் திறந்தது. தரையில் ஜெயிக்கிற நாடு முற்றுகைக்குத் தரையிலேயே மருந்து தேடிக்கொள்ளும். கடைசியில் ஜெர்மனி சரணடைந்தபோது மேற்கு முனையில் அதன் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது, கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். முற்றுகை உள்ளே கரையான் மாதிரி அரித்தது. சுவரைத் தள்ளியது தரைப்படை.

இந்தக் கேள்விக்கு வேறொரு பக்கமும் உண்டு. பட்டினி போடும்போது முதலில் சுருங்குவது சிப்பாயின் தட்டு அல்ல. குழந்தைகள், முதியவர்கள், நகரத்து ஏழைகள். லட்சக்கணக்கான பொதுமக்கள் பட்டினியாலும் அதையொட்டிய நோயாலும் இறந்தார்கள். சண்டை 1918 நவம்பரில் நின்றபின்னும் முற்றுகை 1919 ஜூலை வரை முழுதாக நீங்கவில்லை. கடல் போர் சுத்தமான போர் என்று யாராவது எழுதினால் இதை நினைவில் வையுங்கள்.

7. ஜட்லாந்துல உண்மையில யார் ஜெயிச்சாங்க?

1916 மே 31, ஜூன் 1: டென்மார்க்கை ஒட்டிய வட கடலில் பிரிட்டிஷ், ஜெர்மன் கப்பற்படைகள் மோதின. இருபுறமும் சேர்த்து 250 கப்பல்கள். பிரிட்டன் 14 கப்பல்களையும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களையும் இழந்தது. ஜெர்மனி 11 கப்பல்கள், சுமார் 2,550 பேர். எண்ணிக்கையில் ஜெர்மனி. ஆனால் மறுநாள் காலையில் வட கடல் வாசல்கள் யார் கையில் இருந்தன? முந்தின நாள் யார் கையில் இருந்தனவோ அவர்கள் கையில்தான். 1-ஆம் பதிலில் சொன்ன சாலைக் கணக்குப்படி பிரிட்டன். அதன்பின் ஜெர்மன் பெருங்கப்பல்கள் சில முறை எட்டிப் பார்த்ததோடு சரி.

8. ஜெர்மனி அவ்வளவு கப்பல் கட்டினதே தப்புன்னு சொல்றீங்களா?

ஆமாம், தப்பு என்றே சொல்கிறேன். அட்மிரல் டிர்பிட்ஸ் 1898, 1900 கடற்படைச் சட்டங்கள் வழியாகப் பெரிய கப்பற்படை கட்டத் தொடங்கினார். பிரிட்டனை ஜெயிக்கிற அளவு வேண்டாம், மோதினால் பிரிட்டனுக்குப் பெருநஷ்டம் வரும் அளவு இருந்தால் போதும், பயந்து நம்மோடு ஒத்துப்போவார்கள் என்பது அவர் கணக்கு. நடந்தது நேர்மாறு. பிரிட்டன் 1904-இல் பழைய எதிரி பிரான்ஸோடும் 1907-இல் ரஷ்யாவோடும் சமாதானம் பேசிக்கொண்டது. 1906-இல் டிரெட்நாட் என்ற புதுவகைப் போர்க்கப்பலை இறக்கிப் பந்தயத்தையே முதலிலிருந்து தொடங்கவைத்தது.

இருபுறமும் பெரிய தரைப்படை எதிரிகள் உள்ள நாடு, மூன்றாவதாக ஒரு கடல் எதிரியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டது. 1918 அக்டோபர் கடைசியில், தோல்வி உறுதியான பிறகு, அந்தக் கப்பல்களைக் கடைசிச் சண்டைக்குக் கிளப்பப் பார்த்தார்கள். மாலுமிகள் மறுத்தார்கள். கீல் துறைமுகத்தில் எழுந்த கலகம் நாடு முழுக்கப் பரவி நவம்பர் 9-இல் கைசரையே இறக்கிவிட்டது.

உண்மையில் பிரிட்டனைத் திணறவைத்தவை நீர்மூழ்கிகள். 1917 ஏப்ரல் ஒரே மாதத்தில் எட்டு லட்சம் டன்னுக்கும் மேல் கப்பல்கள் மூழ்கின. கான்வாய் முறையில் கூட்டமாகக் காவலோடு அனுப்பத் தொடங்கிய பிறகே மூச்சு வந்தது. ஆனால் எச்சரிக்கையின்றி எல்லாக் கப்பலையும் தாக்கும் அந்த முடிவுதான் அமெரிக்காவைப் போருக்குள் இழுத்து வந்தது.

9. ஒரே ஒரு எம்டன் கப்பல் மெட்ராஸையே கலக்கலையா? அது கடல் வலிமை இல்லையா?

கலக்கியது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. ஊரே மூட்டை கட்டியது. உயர் நீதிமன்றச் சுவரில் நினைவுக் கல் இன்றும் இருக்கிறது, கில்லாடியான ஆளை "எம்டன்" என்கிற பழக்கமும் நம்மிடம் தங்கிவிட்டது. அதன் கேப்டன் முல்லர் திறமைசாலி, கண்ணியமானவர் என்று எதிரிகளே பாராட்டினார்கள்.

ஆனால் நவம்பர் 9-இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை முடித்துவிட்டது. எம்டனுக்கு இந்தியப் பெருங்கடலில் தளம் இல்லை. பிடித்த கப்பல்களின் நிலக்கரியை எடுத்தே ஓடியது. சாலையில் ஒரு கொள்ளைக்காரன் இரண்டு மாதம் பயம் காட்டலாம். சாலை அவனுடையது ஆகிவிடாது.

10. கப்பல் இருந்தா போதாதா? திருகோணமலைக்கு ஏன் எல்லாரும் அடிச்சுக்கிட்டாங்க?

எம்டனுக்கு இல்லாமல் போனது எதுவோ அதற்காகத்தான். சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்றைத் தாங்கி நிற்கப் பாய்மரப் போர்க்கப்பல்களுக்கு நல்ல துறைமுகம் கிடையாது. மழைக்காலம் வந்தால் பிரிட்டிஷ் கப்பல்கள் பம்பாய்க்குப் போய்விடும். இந்தப் பக்கம் இயற்கைத் துறைமுகம் என்றால் திருகோணமலைதான்.

1782-83-இல் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று நம் கரையோரமாகவே ஐந்து முறை மோதினார்கள். சஃப்ரனிடம் பழுது பார்க்க ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. ஆகவே சண்டைக்கு நடுவே திருகோணமலையைப் பிடித்தார். தரையில் ஹைதர் அலி கூட்டாளி. இருவரும் கடலூரில் சந்தித்தார்கள். ஐந்து போரிலும் எவரும் தீர்மானமாக ஜெயிக்கவில்லை. கடைசியில் ஐரோப்பாவில் சமாதானமாகிவிட்டது என்ற செய்தி வந்து எல்லாம் நின்றது. அவ்வளவு வீரமும் அந்த ஒரு கடிதத்தில் கரைந்துபோனதை நினைத்தால் எனக்கு இன்றும் பாவமாக இருக்கும்.

11. விமானம், ஏவுகணை வந்தாச்சு. இன்னும் எதுக்கு இவ்வளவு காசு கப்பலுக்கு?

1941 டிசம்பர் 10: பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மலேயா கரையோரம் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. இரண்டு மாதத்தில் சிங்கப்பூர் கடற்படைத் தளமும் போயிற்று, வடக்கே மலேயாத் தரை வழியாக வந்த படையிடம். 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை மீது குண்டு விழுந்தது. ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அருகே மூழ்கியது. 2022 ஏப்ரலில், சொல்லிக்கொள்ளும்படி கடற்படையே இல்லாத உக்ரைன், கரையிலிருந்து ஏவுகணை விட்டு ரஷ்யாவின் மாஸ்க்வா கப்பலை மூழ்கடித்தது.

ஆகவே எதிரியின் கரைக்குப் பக்கத்தில் பெரிய கப்பல் நிற்பது ஆண்டுக்கு ஆண்டு ஆபத்தாகிறது. உங்கள் சந்தேகத்தில் அந்த அளவு நியாயம் இருக்கிறது. ஆனால் உலக வணிகச் சரக்கில் எடைக் கணக்குப்படி பத்தில் எட்டுப் பங்கு இன்னும் கப்பலில்தான் போகிறது. 2023 கடைசியில் யேமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், கண்டெய்னர் கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிப் போயின. சாலை இருக்கும் வரை காவலும் வேண்டும், வழிப்பறியும் நடக்கும்.

12. கடற்படையை வெச்சே ஒரு வல்லரசை மண்டியிட வைக்கவே முடியாதா?

மிக அருகில் வந்த உதாரணம் இரண்டாம் உலகப் போரில் ஜப்பான். அமெரிக்கக் கடற்படை ஆட்களில் நீர்மூழ்கிப் பிரிவு இரண்டு சதவீதம்கூட இல்லை. ஜப்பானின் மூழ்கிய வணிகக் கப்பல்களில் டன் கணக்கில் பாதிக்கு மேல் அவர்கள் கணக்கு. எண்ணெய், இரும்புத் தாது, அரிசி எல்லாம் கடல் கடந்து வரவேண்டிய தீவு நாடு. ருமேனியா மாதிரி, உக்ரைன் மாதிரி தரைவழி மாற்று கிடையாது.

ஆக, நம் கடற்படை எவ்வளவு பெரிது என்று மட்டும் பார்க்காதீர்கள். எதிரி எந்த அளவு கடலால் வாழ்கிறான் என்றும் கேளுங்கள். ஜப்பானிலும்கூடத் தீவு தீவாகத் தரையில் இறங்கிப் பிடித்து, விமானத்தால் நகரங்களை எரித்து, அணுகுண்டு போட்டு, சோவியத் படையும் ஜப்பான் பிடியில் இருந்த மஞ்சூரியாவில் இறங்கிய பிறகுதான் முடிந்தது.

13. மலாக்காவை மூடினா சீனா அவ்வளவுதான்னு யூடியூப்ல சொல்றாங்களே?

12-ஆம் பதிலின் கடைசிக் கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். சீனா பயன்படுத்தும் எண்ணெயில் சுமார் 70 சதவீதம் இறக்குமதி, பெரும்பகுதி கடல் வழி, அதிலும் மலேசியாவுக்கும் இந்தோனேசியாவின் சுமத்ராவுக்கும் நடுவே உள்ள மலாக்கா நீரிணை முக்கியம். 2003-இல் அதிபர் ஹூ ஜின்டாவ் காலத்திலிருந்தே பெய்ஜிங்கின் கவலை அது. ஆகவே வலிக்கும். ஆனால் சீனா ஜப்பான் அல்ல. நிலக்கரியில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே கிடைக்கிறது. தரை எல்லையில் 14 நாடுகள்; ரஷ்யாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் குழாய்கள் வருகின்றன. எண்ணெய்ச் சேமிப்பும் இருக்கிறது, மின்சாரக் காரும் பெருகிவிட்டது.

நடைமுறைச் சிக்கல் இன்னும் பெரிது. மலாக்கா வழியே போகும் கப்பலில் லைபீரியக் கொடி பறக்கும், உரிமையாளர் கிரேக்கர், மாலுமிகள் பிலிப்பைன்ஸ்காரர்களும் இந்தியர்களும், சரக்கு நடுக்கடலிலேயே கைமாறும். எது சீனாவுக்கு, எது ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் என்று எப்படிப் பிரிப்பது? மலாக்கா மூடினால் சுந்தா, லொம்போக் நீரிணைகள் இருக்கின்றன, கொஞ்சம் சுற்று அவ்வளவுதான். நிறுத்திச் சோதித்தால் 5-ஆம் பதிலின் பக்கத்து வீட்டுச் சண்டை தொடங்கும்.

இன்னொரு பக்கத்தையும் யூடியூப்காரர்கள் சொல்வதில்லை. உலகில் கட்டப்படும் வணிகக் கப்பல்களில் டன் கணக்கில் ஏறத்தாழ பாதி இன்று சீனாவில் கட்டப்படுகிறது. அமெரிக்காவின் பங்கு ஒரு சதவீதமும் இல்லை. நீண்ட போரில் மூழ்கிய கப்பலுக்குப் பதில் கப்பல் இறக்கத் தெரிந்தவனுக்கே சாதகம். அந்த வகையில் இன்றைய சீனா, 1914-இன் ஜெர்மனியைவிடப் பிரிட்டனுக்குக் கிட்டத்தில் நிற்கிறது. டிர்பிட்ஸ் மாதிரி அக்கம்பக்கத்தாரைப் பகைத்துக்கொள்ளும் தவற்றையும் சேர்த்தே செய்கிறது என்பது என் கருத்து. தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸையும் வியட்நாமையும் பாருங்கள்.

14. சண்டையே போடாம நிக்கிற கடற்படை வேலை செய்யுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?

பட்ஜெட் போடும் எல்லா மந்திரிகளுக்கும் இதே சந்தேகம்தான். எதிரிக் கப்பல் வெளியே வரவில்லை என்றால் அது நம் காவலாலா, அவனுக்கே விருப்பம் இல்லாததாலா என்று நிரூபிக்க முடியாது. வியாபாரக் கப்பல்கள் நேரத்துக்கு வந்து சேர்கின்றனவா, காப்பீட்டுக் கட்டணம் ஏறாமல் இருக்கிறதா, கூட்டாளிக்கு அனுப்பிய சரக்கு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கலாம். அவ்வளவுதான் அளவுகோல்.

டிரஃபால்கரில் நெல்சனுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் காலிங்வுட். நெல்சன் இறந்ததும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக மத்தியதரைக் கடலில் காவல் காத்தார். டிரஃபால்கர் மாதிரி இன்னொரு பெரும்போர் அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஊருக்குப் போக விடுப்பு கேட்டபோதெல்லாம் இன்னும் கொஞ்ச நாள் இருங்கள் என்றார்கள். 1810 மார்ச்சில் ஒருவழியாக வீடு திரும்பக் கிளம்பியவர், அந்தக் கப்பலிலேயே இறந்துபோனார்.